செங்கல்பட்டுக்கு அடியில் ஒரு மலையின் வேர்

"ஏம்மா, கல்லுக்குள்ள இன்னொரு கல்லு கீது. அதுக்குப் போயி இப்படி மண்டி போட்டுகினு பாக்குறியே?"

குவாரி மேஸ்திரி ஏழுமலை என் தலைக்கு மேலே நின்றுகொண்டு கேட்டார். நான் பாறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செங்கல்பட்டுக்குத் தெற்கே, ஒரு ஏரிக்கரையைத் தாண்டி இருந்த கல்குவாரி அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாசி வெயில் பாறையில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. கல்தூள் நாக்கில் ஒட்டி, துப்பினாலும் போகாமல், லேசாகக் கந்தக வாடை வீசிக்கொண்டிருந்தது. எதிரே ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிய பாறைச் சுவர். வெளிர் சாம்பல் நிறக் கிரானைட். அதன் நடுவில், ஒரு ஆள் குந்தி உட்கார்ந்த அளவுக்குக் கன்னங்கறேலென்று ஒரு திட்டு.

அந்தக் கறுப்புக்குள் புளியங்கொட்டை அளவில் சிவப்பு மணிகள். கார்னெட் என்ற கனிமம். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் தேங்காய்ச் சில் வெள்ளையில் ஒரு வளையம். வளையங்களிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து தடித்து, திட்டின் விளிம்பைத் தாண்டி, வெளியே இருந்த கிரானைட்டில் போய்க் கலந்திருந்தன.

பாறை உருகி, உருகியது வெளியேறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் யாரோ "நில்" என்று சொன்னதுபோல் இருந்தது.

இதைத்தான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. இப்படி ஒன்று கண்ணால் பார்க்கக் கிடைக்கும் என்றே நான் நினைத்திருக்கவில்லை.

"நவுருமா. ஓட்டை போட்டு வச்சாச்சு. சாயங்காலம் இங்க வெடி" என்றார் ஏழுமலை.

ஆண் பிள்ளைகளுக்கு ஜீப், எனக்கு அண்ணி

அப்போது நான் சென்னையில் புவியியல் ஆராய்ச்சி மாணவி. இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களில் சிலர், புவியியல் என்றதும் வரைபடமும் பருவக்காற்றும் என்று நினைத்து எனக்கு எழுதுகிறார்கள். அது வேறு. என் படிப்பு பாறைகளைப் பற்றியது. அவை எங்கே பிறந்தன, எவ்வளவு ஆழத்தில் பிறந்தன என்று கண்டுபிடிப்பது.

எங்கள் துறையில் பெண்கள் தனியாகக் களப்பணிக்குப் போகக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அப்படித்தான் நடந்தது. ஆண் மாணவர்கள் துறையின் ஜீப்பில் கும்பலாகப் போவார்கள். "நீ வீட்டிலிருந்து யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார்கள் என்னிடம்.

வீட்டில் யார் இருந்தார்கள்? அப்பாவும் அம்மாவும் செய்யூர் பக்கத்தில். நான் கூடுவாஞ்சேரியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் விடிந்ததும் ரயிலேறி வேலைக்குப் போய்விடுவான். மிச்சம் அமுதா அண்ணி.

அண்ணி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைப்பார். மற்றவர்கள் மொபெட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த காலத்தில், அண்ணனுடைய மொபெட்டை ரயிலடி மைதானத்தில் ஓட்டிப் பழகி, பத்து நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டியவர். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"மலைக்கெல்லாம் போவணுமா?"

"மலை, ஏரி, குவாரி, எல்லாந்தான் அண்ணி."

"நல்லதாப் போச்சி. எனக்கும் இந்த வூட்டுச் செவுத்தப் பாத்துப் பாத்து பேஜாராக் கீது."

அன்றிலிருந்து என் ஆராய்ச்சி முழுக்க அண்ணி வண்டியின் பின்சீட்டில்தான் நடந்தது. வண்டியின் ஒரு பக்கம் சுத்தியல் பை. இன்னொரு பக்கம் தைத்து முடித்த ரவிக்கைகள். வழியில் அவற்றையும் கொடுத்துக்கொண்டே போவோம்.

வில்லின் வேர்

நான் எதைத் தேடினேன் என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

கடல்தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகர்ந்து நகர்ந்து இன்னொரு நிலத்துக்கு அடியில் சரிந்து இறங்கும். இறங்கும் இடத்துக்கு மேலே எரிமலைகள் வரிசையாக எழும்பும். மேலிருந்து பார்த்தால் அந்த வரிசை வில்லைப்போல் வளைந்திருக்கும். நாங்கள் அதை வில் என்றே சொல்வோம். தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்து மலைத்தொடர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரு வில்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே இருக்கிற பாறைகள், இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அப்படி ஒரு வில்லின் மிச்சம். எரிமலைகள் போய்விட்டன. மலை போய்விட்டது. அடியில் உறைந்த கிரானைட்டும் அதன் நெருங்கிய உறவுக் கற்களும் மட்டும் நிற்கின்றன.

அந்த வில்லுக்கு அடியில் நிலத்தின் தோல் எவ்வளவு தடிப்பாக இருந்தது? எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு? துளை போட்டுப் பார்க்க முடியாது. கிரானைட்டைத்தான் கேட்க வேண்டும்.

அண்ணிக்கு இதை ஒரு மதியம் சமையலறையில் விளக்கினேன்.

"ரசம் வச்சி எறக்குறீங்க. கொஞ்ச நேரத்துல பருப்பு அடில தங்கிடுது. மேல கீற தெளிவ மட்டும் எனக்கு ஊத்துறீங்க. குடிச்சிப் பாத்தே அடில இன்னா பருப்பு கீதுன்னு சொல்ல முடியுமா?"

"நாக்குன்னு ஒண்ணு இருந்தா சொல்லலாம்."

"கிரானைட்டு அந்தத் தெளிவு அண்ணி. ஆழத்துல பாற உருகி, உருகுனது மேல வந்துடுது. உருகாதது அடிலயே தங்கிடுது. மேல வந்தத வச்சி, அடில எது தங்குச்சின்னு நான் சொல்லணும்."

அடியில் கார்னெட் தங்கினால், அது இட்டெர்பியம் போன்ற சில தனிமங்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே வரும் கிரானைட்டில் அவை குறைந்துபோகும். அந்தப் பாறைகளில் கார்னெட் அப்படித் தங்குவதற்கு, மேலே மலைபோன்ற பாரம் அழுத்த வேண்டும். அதாவது நிலத்தின் தோல் மிகத் தடிப்பாக இருக்க வேண்டும். தோல் மெல்லிசாக இருந்தால் கார்னெட்டுக்குப் பதில் வேறு கனிமங்கள் தங்கும். கிரானைட்டின் ருசியே மாறிவிடும்.

என் சந்தேகம் இதுதான். செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லும் கடற்கரைக் கல்லும் ஒரே ஆழத்தில் பிறந்தவை அல்ல. ஒன்று தடித்த வேருக்கு மேலே பிறந்தது, இன்னொன்று மெல்லிய ஓரத்தில்.

என் பேராசிரியர் நல்லவர். ஆனால் தலையை ஆட்டினார். "கரையிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் அடியில் எல்லாம் ஒன்றுதான் என்று இத்தனை காலம் எழுதிவருகிறார்கள். அதை முதலில் எழுதியவர்தான் உனக்கு வெளித் தேர்வாளராக வரப்போகிறார். யோசித்துக்கொள்" என்றார்.

துறைக்கு வெளியே டீக்கடையில் ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "கோட்டாவில் வந்தோமா, ஏற்கெனவே இருப்பதை எழுதிப் பட்டம் வாங்கினோமா என்று போகாமல், இவளுக்கு எதற்கு இந்த வேலை?"

எங்கள் குடும்பம் தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நெல் அறுத்த குடும்பம். அப்பா தாலுகா ஆபீசில் கடைநிலை ஊழியர். அந்த டீயை நான் நின்று நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனேன்.

கே. ஏழுமலை

ஆக, அந்தக் குவாரிச் சுவரில் நான் பார்த்தது என்னவென்று இப்போது புரிந்திருக்கும். எந்தப் பருப்பு அடியில் தங்கியது என்று தெளிவைக் குடித்துக் குடித்து ஊகித்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பருப்பே ஒரு உருண்டை மேலே மிதந்து வந்து கண்ணெதிரே நின்றது. மலையின் வேரிலிருந்து கிரானைட் மேலே வரும்போது தன்னோடு பிய்த்து எடுத்து வந்த துண்டு அது.

ஏழுமலைக்கு அது கறை. அங்கே மெருகேற்றும் பலகைகளுக்காகக் கல் வெட்டினார்கள். கறுப்புத் திட்டு விழுந்த கல்லை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த இடத்தை வெடித்து ஜல்லிக்குத் தள்ளிவிட்டால் பின்னால் சுத்தமான கல் கிடைக்கும். அவர் வேலை அவருக்கு.

அண்ணி முன்னால் வந்தார்.

"அண்ணாத்த, இது உங்களுக்கு வேஸ்ட்டு கல்லுதான?"

"ஆமா. ஜல்லிக்குத்தான் போவும்."

"அப்ப அத்த எங்களுக்குக் குடுத்துட்டு மிச்சத்த வெடிங்க. மிச்சம் எங்கியும் ஓடிப் பூடாது."

"இன்னாமா நீ, மாங்கா பறிக்கிற மாரி சொல்ற. சுத்தி ஓட்டை போட்டு, ஆப்பு வச்சி, பதமா ஒடைக்கணும். ஆளு நிக்கணும், மிஷினு நிக்கணும். முதலாளி வந்தா நான் இன்னா சொல்றது?"

"காலேஜுல இருந்து ஆராய்ச்சிக்கு வந்தாங்கன்னு சொல்லுங்க. இத்த புக்காப் போடப் போறாங்க. உங்க பேரும் வரும்." என் பக்கம் திரும்பி, "எஸ்தரு, போடுவ இல்ல?" என்றார்.

"கண்டிப்பாப் போடுவேன் அண்ணி."

ஏழுமலை தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து உதறினார்.

"வெறும் ஏழுமலைன்னு போடாதீங்க. கே. ஏழுமலைன்னு போடுங்க. இங்க ரெண்டு ஏழுமல கீறோம்."

மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவருடைய ஆட்கள் இறங்கினார்கள். நான் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். கறுப்புத் திட்டில் ஒரு துண்டு மட்டும் வந்தால் போதாது. இழைகள் விளிம்பைத் தாண்டிக் கிரானைட்டில் கலக்கும் இடமும் சேர்ந்து வர வேண்டும். அது இல்லாவிட்டால் அது வெறும் அழகான கல். கோட்டின்மேல் துளைகள் விழுந்தன. ஆப்புகள் இறங்கின. சுத்தியல் ஒவ்வொரு ஆப்பின் மேலும் விழ, சத்தம் கணீரென்று ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது. பிறகு துணி கிழிவதுபோல் ஒரு ஓசை. ஒரு பெரிய குடத்தின் அளவில் கல் கழன்று மண்ணில் உட்கார்ந்தது. விளிம்பும் கூடவே வந்திருந்தது.

அன்று சாயங்காலம் அங்கே வெடி வைத்தார்கள். மறுவாரம் போனபோது அந்தச் சுவரே இல்லை.

என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில், பேராசிரியர்களுக்கு அடுத்த வரியில், கே. ஏழுமலையின் பெயர் இருக்கிறது. அச்சானதும் முதல் பிரதிகளில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்பெல்லிங்கு கரெக்ட்டா கீது" என்றார்.

வண்டியில் வந்த விருந்தாளி

கல்லை மொபெட்டின் முன்னால், கால் வைக்கும் இடத்தில், சாக்கில் சுற்றிக் கயிற்றால் கட்டினோம். ஆட்டுக்கல் கனம் இருந்தது.

"நீ பஸ்ல வா. உன்னியும் இத்தையும் சேத்து இந்த வண்டி தாங்காது" என்று சொல்லிவிட்டு அண்ணி கிளம்பிவிட்டார்.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு காலையும் கல்லின் இரு பக்கமும் அகட்டி வைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் ஹாரன் அடித்த லாரியை ஒரு முறை திரும்பி முறைத்துவிட்டு, அண்ணி ஓரமாக உருட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "சாக்குல இன்னா, பலாப்பழமா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உளி படாத பக்கம்

கல் வந்துவிட்டது. அதை அறுக்க வேண்டுமே? எங்கள் துறையில் இருந்த அறுக்கும் இயந்திரம் கைக்கல்லைத்தான் அறுக்கும். அண்ணிதான் சொன்னார்: "கல்லு அறுக்கணும்னா மாமல்லபுரம் போவாம வேற எங்க போவ?"

மாமல்லபுரம் எனக்கு ஏற்கெனவே பழகிய இடம்தான். எல்லாரும் அங்கே போய்ச் சிற்பத்தின் முகத்தைப் பார்ப்பார்கள். நான் உளி படாத பின்பக்கத்தைப் பார்ப்பேன். அங்கே கல் எண்ணெய் பூசியதுபோல் கருமையாக, உப்புக்காற்றில் லேசாகப் பழுப்பேறி இருக்கும். அந்தப் பாறைகளில் சுத்தியல் படக்கூடாது, படவும் மனசு வராது. கடற்கரைச் சாலையோரம் ஓட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளங்களில் இறங்கி, வேலை மேற்பார்வை பார்ப்பவர்களிடம் கேட்டு, கரைக் கல்லின் துண்டுகளை ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தேன்.

சண்முகம் என்பவரின் சிற்பக்கூடத்தில் பெரிய அறுவை வட்டு இருந்தது. பாதி செதுக்கிய பிள்ளையார்களுக்கு நடுவே எங்கள் கல்லை இறக்கினோம். அவர் சுற்றி வந்து பார்த்தார்.

"எந்தப் பக்கமா அறுக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நெடுநேரம் ஆனது. உள்ளே இழைகள் எப்படிப் போகின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. சரியான தளத்தில் அறுத்தால், கார்னெட்டில் தொடங்கிக் கிரானைட்டில் முடியும் ஓட்டம் முழுதாகத் தெரியும். தப்பான தளத்தில் அறுத்தால் இழைகள் துண்டு துண்டாகிவிடும். இன்னொரு கல் கிடையாது. அதன் சுவர் ஜல்லியாகி ஏதோ ஒரு ரோட்டில் கிடக்கிறது.

வாளியில் தண்ணீர் வாங்கிக் கல்லை நனைத்தேன். நனைந்த கல்லில் நிறங்கள் எழும்பும். புரட்டச் சொன்னேன். மறுபடி நனைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் இழைகள் வெளிவரும் இடத்தைத் தொட்டுத் தொட்டு, அவை உள்ளே எப்படிச் சேரும் என்று மனசுக்குள் வரைந்தேன். கடைசியில் சாக்குக்கட்டியை எடுத்து ஒரு கோடு இழுத்தேன்.

"இங்க."

"முடிவா?"

"முடிவுதான்."

வட்டு சுழன்றது. தண்ணீரும், கல்தூள் கரைந்த கல்பாலும் பீச்சியடித்தன. காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவர் விரல்கள் அழுந்தியது பிறகுதான் வலித்தது.

கல் இரண்டாகப் பிரிந்தது. சண்முகம் ஒரு வாளித் தண்ணீரை அதன் முகத்தில் ஊற்றினார்.

கல்பால் வழிந்து இறங்க இறங்கச் சிவப்பு மணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றைச் சுற்றி வெள்ளை. வெள்ளையிலிருந்து இழை. ஓர் இழைகூட அறுபடவில்லை. ஓடைகள் சேர்ந்து ஆறாகிக் கடலில் விழுவதுபோல, எல்லாம் சேர்ந்து விளிம்பைத் தாண்டிக் கிரானைட்டில் இறங்கியிருந்தன.

செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் உளியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

"கரைக் கல்லுல இந்த மாரி செவப்பு நான் பாத்ததில்லமா. இது எந்தூர்க் கல்லு?" என்றார் சண்முகம்.

"செங்கல்பட்டு."

"இத்தினி பக்கத்துலயா?"

"மேல பாத்தா பக்கந்தாங்க. அடில ரெண்டும் வேற வேற."

அதை முதல் முறையாக உறுதியோடு சொன்னேன். அதற்கு முன்னால் எப்போதும், "இருக்கலாம்" என்று சேர்த்துத்தான் சொல்லி வந்தேன்.

சண்முகம் அந்த முகத்துக்குத் தன் கையாலேயே மெருகு போட்டுத் தந்தார்.

இரண்டு கோடுகள்

செங்கல்பட்டுக் கிரானைட்டையும் கரைக் கல்லையும் பொடியாக்கி, வேறு ஊரில் இருந்த ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். பல மாதங்கள் கழித்து முடிவுகள் வந்தன. எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்ற எண்களை வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்து, பென்சிலால் இணைத்தேன்.

கரைக் கல்லின் கோடு ஏறக்குறையச் சமமாகப் போனது. செங்கல்பட்டுக் கிரானைட்டின் கோடு, கார்னெட் பிடித்து வைத்துக்கொள்ளும் தனிமங்கள் வரும் இடத்தில், கிணற்றுப் படிபோல் இறங்கியது. ஒரு கல் அல்ல, எல்லாக் கற்களும்.

மெருகு போட்ட அந்த முகம் கண்ணுக்குக் காட்டியதை, குவாரிகள் முழுக்கச் சேர்த்த கற்களும் தனித்தனியாகச் சொல்லின. செங்கல்பட்டுக்கு அடியில் ஒரு மாபெரும் மலையின் வேர் இருந்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் போகப்போக அது மெலிந்திருக்கிறது. ஏரியும் வயலும் ரயில் தண்டவாளமுமாகத் தட்டையாகக் கிடக்கிற இந்த நிலத்தில்!

பேராசிரியர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எழுது. பின்னால் நான் நிற்கிறேன்" என்றார்.

வாய்மொழித் தேர்வு

தேர்வு நாளன்று அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அம்மா, அண்ணன், அண்ணி, எல்லாரும் கடைசி வரிசையில். முன் வரிசைகளில் துறைக்காரர்கள். டீக்கடையில் பேசியவனும் இருந்தான்.

வெளித் தேர்வாளர் எழுபதை நெருங்கியவர். கதர்ச் சட்டை, பெரிய மூக்குக்கண்ணாடி. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் பேசி முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: "கார்னெட் அழகான கனிமம். அழகானவை இளைஞர்களை ஏமாற்றும். இந்த நிலம் முழுக்கப் பிற்காலத்தில் ஆழத்தில் வெந்த நிலம். அப்போது வளர்ந்த கார்னெட்டைப் பார்த்துவிட்டு, கிரானைட் பிறந்தபோதே இருந்தது என்கிறீர்கள்."

முன் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

மேசைமேல் துணி போட்டு மூடியிருந்த கல்லைத் திறந்தேன். "நேரில் பாருங்கள், ஐயா."

அவர் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணோடு ஒட்டி வைத்து, மூக்கு கல்லில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"பிற்பாடு வளர்ந்த கார்னெட் என்றால், அது இந்த வெள்ளை இழைகளை வெட்டிக்கொண்டு வளர்ந்திருக்க வேண்டும். இங்கே இழை கார்னெட்டைச் சுற்றித்தான் தொடங்குகிறது. மணியும் உருகலும் ஒரே நேரத்தில் பிறந்தவை. அந்த உருகல் போய்ச் சேர்ந்த இடம் இந்தக் கிரானைட்" என்றேன்.

"ஒரு கல்லை வைத்து ஒரு மலையைக் கட்டுகிறீர்கள்."

"கல் ஒன்றுதான், ஐயா. ஆனால் அது காட்டுவதை அந்தப் பக்கத்துக் கிரானைட் முழுவதும் சொல்கிறது. கரைக் கல் சொல்லவில்லை. பிற்காலத்தில் வெந்ததுதான் காரணம் என்றால், இரண்டும் சேர்ந்துதானே வெந்தன? இரண்டும் ஒன்றையே சொல்லியிருக்க வேண்டும்."

அவர் மறுபடி குனிந்தார். ஓர் இழையை அதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் விரல்நகத்தால் பின்தொடர்ந்தார். அடுத்த இழை. அதற்கடுத்தது.

நிமிர்ந்தபோது அவர் முகம் இளகியிருந்தது. "அந்தச் சாலையில் எத்தனையோ முறை ஜீப்பில் போயிருக்கிறேன். நான் எழுதியதை இனித் திருத்தி எழுத வேண்டும்" என்றார்.

பிறகு வழக்கமான சடங்கு. பொதுமக்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்பார்கள், யாரும் கேட்க மாட்டார்கள், முடித்துவிடுவார்கள். அன்றைக்குக் கடைசி வரிசையில் ஒரு கை எழும்பியது. அமுதா அண்ணி.

"அவ்ளோ பெரிய மல, இப்ப எங்க போச்சி?"

முன் வரிசைகளில் சிரிப்பு ஓடியது. தேர்வாளர் சிரிக்கவில்லை. "என்ன கேட்கிறார்?" என்று பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். "சரியான கேள்வி. கேட்டவருக்குப் புரியும்படி பதில் சொல்லுங்கள்" என்றார் என்னிடம்.

நான் அந்தக் கட்டடத்துக்குள் அதுவரை ஒரு வார்த்தைகூட எங்கள் வீட்டுப் பேச்சில் பேசியதில்லை.

"கரைஞ்சி பூட்ச்சி அண்ணி. மழ அடிச்சிகினே, ஆறு அரிச்சிகினே கெடந்தா, எவ்ளோ பெரிய மலையும் மண்ணாப் பூடும். ஆனா மேல கீறது தேயத் தேய, அடில கீற வேர் மெதுவா மேல எழும்பி வரும். கப்பல்ல இருந்து மூட்டைய எறக்க எறக்கக் கப்பலு மேல எழும்புது இல்ல, அந்த மாரி. இப்ப நம்ம வூடு கட்டிகினு, நெல்லு போட்டுகினு கீறது, அந்த வேர் மேலதான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அம்மா அண்ணியின் காதில் ஏதோ சொன்னாள். அப்பா நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

கையெழுத்துகள் முடிந்தன. முடிவை அறிவித்தார்கள். தேர்வாளர் நேராகக் கடைசி வரிசைக்கு நடந்து போய் அப்பாவிடம் கையை நீட்டினார். இருபது வருடம் அதிகாரிகள் நாற்காலியைத் துடைத்துப் போட்ட என் அப்பா, எழுந்து நின்று, நிதானமாக அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ரயிலில்

திரும்பும்போது ரயிலில் கூட்டம். அப்பா அதிகம் பேசாதவர். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம் தானாகவே ஆரம்பித்தார்.

"எம் பொண்ணு இன்னிக்கி டாக்டர் ஆயிட்ச்சி, சார்."

"அப்படியா! ஊசி போடுற டாக்டரா?"

"அது இல்ல, சார். நம்ம காலுக்கு அடில கீறதப் பாக்குற டாக்டரு." ரயில் தரையில் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "இங்க ஒரு மல இருந்துச்சி. வானத்த இடிக்கிற மாரி மல. அதோட வேர எம் பொண்ணு கண்டுபுட்ச்சிகீது."

தாம்பரம் வருவதற்குள் எதிர் சீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குக் குரல் உயர்ந்துகொண்டே போனது. ரசம், பருப்பு, கப்பல் எல்லாம் வந்தன. கடைசியில் ஒரே போடாகப் போட்டார்.

"அந்த வேரு எங்க செய்யூரு வரைக்கும் போவுது, சார்!"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அப்படி எங்கும் எழுதவில்லை. செய்யூர்ப் பக்கத்துக் கல்லை அதுவரை நானோ வேறு யாரோ அந்தக் கண்ணோடு பார்த்ததே கிடையாது. திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

எனக்கு வேலை கிடைத்து, சொந்தமாக ஆய்வு செய்யும் வசதி வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கும் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளுக்கும் நடுவே தலைநீட்டிய பாறைகளிலெல்லாம் கல் எடுத்தேன். மறுபடியும் வரைபடத்தாள், மறுபடியும் புள்ளிகள். பென்சிலால் இணைத்தபோது கோடு கிணற்றுப் படிபோல் இறங்கியது.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நீங்க அன்னிக்கி ரயில்ல சொன்னது கரெக்ட்டுதான். வேரு செய்யூரு வரைக்கும் வருது. வில்லு அந்தப் பக்கமாத்தான் வளைஞ்சிகீது."

"பின்ன?" என்றார் அப்பா. "நான் இன்னா பொய்யா சொல்லிகினு இருந்தேன்?"